வேளை தவறாத மருந்து



வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் அரசர்களும் படையெடுப்புகளும் உடன்படிக்கைகளும் உங்கள் நினைவுக்கு வருவது இயல்பே. முப்பது ஆண்டுக் காலம் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், அந்தப் பழக்கத்தை மாணவரிடம் வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வரலாற்றில் அரசரும் இலர், போர்க்களமும் இல்லை. ஒரு நோயாளி தமக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரையை உரிய வேளையில் விழுங்குகிறாரா? அவர் தம் துணைவரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறார்? இவ்விரண்டு கேள்விகளே என் பொருள். அற்பமான கேள்விகள் என்று தோன்றலாம். ஆயினும் எச்.ஐ.வி. என்னும் கிருமியின் வரலாற்றில், இவற்றுக்கு விடை தமக்கு முன்பே தெரியும் என்று கருதிய அறிஞரும் அதிகாரிகளும், ஏழை நாடுகளுக்கு மருந்து செல்லும் வழியில் குறுக்கே நின்றார்கள். அவர்கள் கருதியது சரிதானா என்று பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் மாண்டவர் பல இலட்சம் பேர்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. நாள்தோறும் காலையில் ஒரே ஒரு மாத்திரை. அதனால் வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. அதை விழுங்குவதைப் பிறர் பார்த்தால் எனக்கு இழிவும் இல்லை. இருந்தும் மாதக் கடைசியில் அட்டையில் மூன்று நான்கு மாத்திரைகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். டாக்டர் கேட்டால், “தவறாமல் சாப்பிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிடுவேன். நோயாளர் மருந்து உண்டதாகப் பொய் சொல்வார்கள், மருத்துவன் விழிப்பாய் இருக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை, கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய நூல்களிலேயே இருக்கிறது. ஆகவே என் குற்றம் மிகத் தொன்மையானது என்று ஆறுதல் கொள்கிறேன்.

இக்குற்றத்தை முறையாக ஆராயத் தொடங்கிய இடங்களுள் நம் சென்னையும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. 1956-ஆம் ஆண்டில் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி நடத்திய முயற்சி அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதனை முன்னின்று நடத்தினார். காசநோய்க்கு நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு, இவையெல்லாம் கிடைக்கும் சானட்டோரியத்தில் நீண்ட நாள் வாசம் என்பதே அந்நாளைய முறை. நோயாளரோ இலட்சக்கணக்கினர், சானட்டோரியங்களில் கட்டில்களோ சொற்பம். ஒரு சாராரை ஓராண்டு சானட்டோரியத்திலும், மற்றொரு சாராரை நெரிசல் மிகுந்த தம் ஏழை வீடுகளிலேயும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவரும் ஏறக்குறைய அதே அளவில் தேறினர். வீட்டாருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானட்டோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம்.

ஆனால் நம் பொருளுக்கு முக்கியமானது அதனினும் சிறிய செய்தி ஒன்று. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மருந்து வாய்க்குள் போயிற்றா என்று எவ்வாறு அறிவது? ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிச் சென்றார்கள், எஞ்சியவற்றை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நல்லவர், படித்தவர், பணிவுள்ளவர் என்று தோன்றியவரிடமும் மருந்து அலமாரியில் தங்கியிருந்தது. மருந்தைத் தாமே உட்கொள்ளும் பொறுப்பை நோயாளரிடம் விடுவது பெரிய பிரச்சினை என்று ஃபாக்ஸ் எழுதினார். 1960-களில் அதே நிலையத்தில், வாரம் இருமுறை நோயாளர் வந்து, பணியாளர் கண்முன் மருந்து பெறும் முறை சோதிக்கப்பட்டது. பிற்காலத்தில், 1990-களில், உலக சுகாதார நிறுவனம் நாடுதோறும் பரப்பிய நேர்பார்வைச் சிகிச்சை முறைக்கு இது ஒரு முன்னோடி. இந்தச் சேத்துப்பட்டுக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது கடல் கடந்து சென்று மீண்டும் நம் பேச்சில் வரும்.

1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து இளைஞர் ஐவருக்கு வந்த அரிய நிமோனியாக் காய்ச்சலைப் பற்றி அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையத்தின் வார ஏடு ஒரு குறிப்பு வெளியிட்டது. எய்ட்ஸ் நோயின் எழுதப்பட்ட வரலாறு அங்கே தொடங்குகிறது. 1983-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் கிருமி கண்டறியப்பட்டது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி திரட்டிய இரத்த மாதிரிகளில் இந்தியாவில் இக்கிருமி இருப்பது முதன்முதல் தெரியவந்தது. 1987-இல் முதல் மருந்து வெளிவந்தது. அதன் பெயர் ஏ.இசட்.டி. நான்கு மணிக்கு ஒரு முறை, இரவிலும் எழுந்து உண்ண வேண்டிய மருந்து அது. நோயாளர் பைகளில் வைத்திருந்த மாத்திரைப் பெட்டிகள் வேளை வந்தால் ஒலி எழுப்பும். நாடகக் கொட்டகையிலும் உணவு விடுதியிலும் அந்த ஒலி கேட்டால், இன்னார் இன்ன நோய் உடையவர் என்று அக்கம் பக்கத்தார் அறிந்துகொள்வார்கள். ஒரு மருந்து தன்னை உண்பவனைக் காட்டிக்கொடுத்த கதையை வேறெங்கும் நான் படித்ததில்லை. அத்தனை தொல்லைக்கும் பயன் சில மாதங்களே. கிருமி அம்மருந்தை வென்றுவிட்டது.

ஏன் வென்றது என்பதைச் சற்று விளக்குகிறேன். ஏடு பெயர்த்து எழுதும் கவனமற்ற எழுத்தன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். பிரதிக்குப் பிரதி ஓர் எழுத்தாவது பிழையாகிவிடும். இந்தக் கிருமி தன்னைப் படியெடுக்கும் முறையும் அத்தகையதே. சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் ஒரு நாளில் ஏறத்தாழ 1,000 கோடி புதிய கிருமிகள் தோன்றுகின்றன என்று 1996-இல் கணக்கிட்டார்கள். அத்தனை பிரதிகளில், தற்செயலாக, மருந்துக்கு அடங்காத பிழைப் பிரதி ஒன்று நேர்ந்துவிடும். மருந்து மற்றவற்றை அழிக்க, அது மட்டும் பெருகும். மூன்று வெவ்வேறு மருந்துகளை ஒரே சமயத்தில் கொடுத்தாலோ, மூன்றையும் வெல்லும் பிழைகள் ஒரே பிரதியில் கூடிவருவது அரிது. இதுவே 1996-இல் வான்கூவர் மாநாட்டில் உலகம் அறிந்துகொண்ட கூட்டு மருந்துச் சிகிச்சையின் அடிப்படை. சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்தவர் எழுந்து நடந்தனர். செல்வ நாடுகளில் எய்ட்ஸ் மரணம் இரண்டொரு ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. இரத்தத்தில் மருந்தின் அளவு குறையக் கூடாது. குறைந்தால் எழுத்தன் மீண்டும் எழுதத் தொடங்கிவிடுவான். மருந்தே உண்ணாதவரிடம் எதிர்ப்பு ஆற்றலுள்ள கிருமி ஓங்குவதற்குத் தூண்டுதல் இல்லை. முறையாக உண்பவரிடம் கிருமி பெருகவே வழியில்லை. இடையிடையே விட்டு விட்டு உண்பவரே இரண்டுங்கெட்டான் நிலையில் சிக்கிக்கொள்கிறார். அந்நாளைய மாத்திரைகளோ எளியவை அல்ல. ஒன்றை வெறும் வயிற்றில் எட்டு மணிக்கு ஒரு முறை உண்டு, சிறுநீரகத்தில் கல் தோன்றாமலிருக்க நாள் முழுவதும் நீர் குடித்தவண்ணம் இருக்க வேண்டும். மற்றொன்றைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நாளொன்றுக்கு இருபது மாத்திரை வரை விழுங்கியவரும் உண்டு.

எவ்வளவு தவறினால் ஆபத்து? அமெரிக்காவில் டேவிட் பேட்டர்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், மருந்துப் புட்டியின் மூடியிலேயே ஒரு நுண்கருவியைப் பொருத்தி, புட்டி திறக்கப்படும் நாளும் நேரமும் பதிவாகுமாறு செய்தார்கள். 2000-ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட கணக்கு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. நூற்றுக்கு 95 வேளையோ அதற்கு மேலோ உண்டவருள் சிகிச்சை தோற்றது 22 விழுக்காட்டினரிடம். 80 முதல் 95 வரை உண்டவருள் 61 விழுக்காடு. 80-க்கும் குறைவாக உண்டவருள் 80 விழுக்காடு. இருபது வேளையில் ஒரு வேளைக்கு மேல் தவறக் கூடாது என்ற சட்டம் இவ்வாறு பிறந்தது. அந்நாளைய மருந்துகளுக்கு உரிய சட்டம் அது. பிற்காலத்து மருந்துகள் இத்தனை கடுமை காட்டுவதில்லை.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது வேறு ஒரு குறிப்பு. இவர் ஒழுங்காக உண்பார், இவர் உண்ணமாட்டார் என்று மருத்துவரையே முன்கூட்டி மதிப்பிடச் சொன்னார்கள். நூற்றுக்கு 41 நோயாளர் விஷயத்தில் மருத்துவரின் மதிப்பீடு தவறாயிற்று. காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய இதே பலன்தான் கிடைத்திருக்கும்! முகத்தையும் உடையையும் பேச்சையும் கண்டு மனிதரை எடை போடும் நம் திறமையின் மதிப்பு இவ்வளவே. இந்தக் குறிப்பை அக்காலத்து அதிகாரிகள் ஊன்றிப் படித்திருந்தால், நான் இனிச் சொல்லப்போகும் அத்தியாயமே நேர்ந்திராது.

புதிய சிகிச்சைக்கு ஓராண்டுச் செலவு 10,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் நோயுற்றவருள் மிகப் பெரும்பாலோர் அதைக் கண்ணாலும் காணவில்லை. 2001 பிப்ரவரியில் பம்பாய் நகரத்துச் சிப்ளா நிறுவனம், டாக்டர் யூசுப் ஹமீதின் தலைமையில், அதே மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர் என்ற தொண்டு நிறுவனத்துக்குத் தர முன்வந்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. மூன்று மருந்துகளையும் ஒரே மாத்திரையாக்கியும் கொடுத்தது. விலை என்ற தடை சரிந்ததும் வேறொரு தடை முன்னுக்கு வந்தது. ஏழைகள் ஒழுங்காக உண்ண மாட்டார்கள்; அவர்களிடம் மருந்தைக் கொடுத்தால் எதிர்ப்புக் கிருமி பெருகி உலகத்துக்கே கேடாகும் என்றார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்க அயல்நாட்டு உதவி நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர் பலருக்குக் கடிகாரம் கிடையாது, குறித்த வேளையில் மருந்துண்ணச் சொன்னால் அவர்களுக்கு விளங்காது என்னும் பொருள்படப் பேசினார். கதிரவனைப் பார்த்து ஆடு மாடு ஓட்டுபவனுக்குக் காலை மாலை தெரியாது என்று நம்ப எத்தனை படிப்பு வேண்டும் என்று நான் வியந்ததுண்டு.

பதில் பேச்சில் வரவில்லை, செயலில் வந்தது. 2001 மே மாதம், கேப் டவுன் நகரத்தை அடுத்த கயலிட்சா என்னும் தகரக் கொட்டகைக் குடியிருப்பில், எல்லைகளற்ற மருத்துவர் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கினர். ஹெய்ட்டி நாட்டு மலைக் கிராமமான காஞ்சில், பால் ஃபார்மரும் அவர் தோழர்களும் 1998 முதலே வேறொரு முறையைக் கையாண்டு வந்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் அக்கம் பக்கத்தார் ஒருவரைத் துணையாளராக அமர்த்தினார்கள். அவர் நாள்தோறும் வீட்டுக்கு வந்து, மருந்தை எடுத்துக் கொடுத்து, கண்முன் விழுங்கச் செய்து, நலம் விசாரித்துச் செல்வார். காசநோய்ச் சிகிச்சையில் தாம் கற்றதையே அவர்கள் இங்கும் பயன்படுத்தினார்கள். சேத்துப்பட்டில் சோதிக்கப்பட்ட கருத்து, வேறொரு நோய்க்கு, வேறொரு கண்டத்தில் உதவிற்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சென்னையில் ‘இவர் விழுங்கினாரா’ என்ற ஐயம் முன்நின்றது. ஹெய்ட்டியில் ‘இவருக்கு இன்று உண்ண உணவு இருந்ததா’ என்று கேட்பதும் துணையாளரின் வேலையாயிற்று.

தென்னாப்பிரிக்காவில் ஜாக்கி அக்மத் என்ற இயக்கத் தலைவர், தம் உடலிலும் அக்கிருமி இருந்தும், ஏழைகளுக்குப் பொது மருத்துவமனையில் மருந்து கிடைக்காதவரை நானும் உண்ணேன் என்று மறுத்தார். 2003-இல்தான் அவர் அந்த நோன்பை விட்டார். மருந்து உண்ணாமையும் ஒரு போராட்டமாகக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆயினும் எவரும் பின்பற்றத் தக்கது என்று நான் சொல்லமாட்டேன்.

2006-ஆம் ஆண்டு, எட்வர்டு மில்ஸ் என்பவரும் பிறரும் இரு கண்டங்களின் ஆய்வுகளையும் ஒன்று திரட்டி ஒப்பிட்டார்கள். வட அமெரிக்காவில் போதிய ஒழுங்குடன் மருந்துண்டவர் நூற்றுக்கு 55 பேர். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் 77 பேர். கைக்கடிகாரம் இல்லாதவரே வேளை தவறாமல் உண்டிருக்கிறார்கள்! ஏன் என்று நைஜீரியா, தான்சானியா, உகாண்டா ஆகிய நாடுகளில் நோயாளரிடமே நேரில் கேட்டு, 2009-இல் நோர்மா வேர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் எழுதினார்கள். பேருந்துக் கட்டணத்துக்குக் கடன் வாங்கியும், உணவைக் குறைத்துக்கொண்டும், வேலையை விட்டுவிட்டும் இவர்கள் மருந்து வாங்கப் போனார்கள். உறவினரும் நண்பரும் உதவினார்கள். உதவியவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணமே மருந்தைத் தவறவிடாமல் காத்தது. கடன்பட்டார் நெஞ்சத்தை நன்கறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாணவரிடையே இதைப் பேசலாமா என்று சிலர் தயங்கலாம். பேசாமையால் விளைந்த கேட்டை நோக்கத் தயக்கம் சிறிதுதான். எச்.ஐ.வி. பெரும்பாலும் உடலுறவின் வழியே பரவுவது. கூட்டு மருந்து வந்தவுடன் எழுந்த அச்சம் இது: மரண பயம் நீங்கிவிட்டால் நோயாளர் கட்டுப்பாட்டையும் கைவிடுவார்கள், ஆணுறை இன்றி உறவு கொள்வார்கள், மருந்து நோயைப் பரப்பும் கருவியாகிவிடும். இதிலும் நோயாளரைப் பற்றிய அவநம்பிக்கையே அடியில் கிடப்பதைக் காணலாம்.

2004-இல் நிக்கோல் கிரெப்பாஸும் இருவரும் அதுவரை வெளிவந்த 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மருந்து உண்பவரிடம் பாதுகாப்பற்ற உறவு மிகுந்து காணப்படவில்லை. கிருமி இரத்தத்தில் தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமும் மிகவில்லை. ஆனால் மருந்து வந்துவிட்டது, இனி அஞ்ச வேண்டியதில்லை என்று நினைத்தவரிடம் மட்டும் அது மிகுந்திருந்தது. நோயுள்ளவர், நோயில்லாதவர் இருசாராரிடமும் அப்படியே. அஃதாவது கேடு மாத்திரையில் இல்லை. தவறான எண்ணத்திலேயே இருந்தது. உகாண்டாவின் டொரோரோ மாவட்டத்தில், பணியாளர் மோட்டார் சைக்கிளில் வாரந்தோறும் வீடுதேடி மருந்து கொண்டுவந்து, பேசி, அறிவுரையும் கூறிச் சென்றார்கள். ஆறு மாதத்தில் ஆபத்தான உறவு 70 விழுக்காடு குறைந்தது என்று 2006-இல் தெரிவித்தார்கள். மருந்து வந்த வீட்டில் கட்டுப்பாடும் கூடவே வந்தது.

இரண்டு பழக்கங்களுக்கும் இடையே உள்ள உறவையும் ஆராய்ந்தார்கள். மருந்தைத் தவறவிடுபவரே பெரும்பாலும் ஆணுறையையும் தவறவிடுகிறார் என்று அமெரிக்க ஆய்வுகள் சில காட்டின. இது நியாயமான கவலைக்கு இடம் தரும் செய்தி. இரத்தத்தில் கிருமி மிகுந்திருக்கும் வேளையிலேயே, அதுவும் மருந்துக்கு அடங்காத கிருமியாக, அது மற்றவரைச் சென்றடையக் கூடும் அல்லவா? ஆனால் இரண்டும் ஏன் சேர்ந்து தவறுகின்றன என்று துருவியபோது, தீயொழுக்கம் அன்று, துயரமே முன்வந்து நின்றது. மனச்சோர்வு, குடி, வறுமை, வீட்டார்க்குத் தெரிந்துவிடுமோ என்ற நடுக்கம் ஆகியவை ஒருங்கே இரண்டையும் கெடுக்கின்றன. குடியைப் பற்றி ஒரு வினோதமான செய்தி உண்டு. மதுவும் மாத்திரையும் கலந்தால் நஞ்சாகும் என்று நம்பிச் சிலர், மது அருந்தும் நாளில் மாத்திரையை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள் என்று சேத் காலிக்மன் என்பவர் கண்டார். குடிக்காதே என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்ட அறிவுரை, குடித்த நாளில் மருந்தை நிறுத்தச் செய்துவிட்டது!

இவ்வாறு இரண்டு கேள்விகளும் தனித்தனி ஆறுகளாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஒன்றாகக் கலக்கச் செய்த கண்டுபிடிப்பு அடுத்து வந்தது. உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில், ஒருவருக்கு மட்டும் நோயுள்ள 415 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் கிருமி மிகக் குறைவாக இருந்தவரிடமிருந்து துணைவருக்குத் தொற்றவே இல்லை என்று தெரிந்தது. 2008 ஜனவரியில் சுவிட்சர்லாந்து மருத்துவர் சிலர், மருந்தை ஒழுங்காக உண்டு, ஆறு மாதமாகக் கிருமி தென்படாமல், வேறு பால்வினை நோயும் இல்லாதவர் உறவின் வழியாக நோயைப் பரப்புவதில்லை என்று அறிக்கை விட்டார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது. இந்தச் சொல் காதில் விழுந்தால் ஒருவரும் ஆணுறையைத் தொடமாட்டார்கள் என்று பலர் சினந்தார்கள்.

2011 மே மாதம் அந்த வழக்குக்குத் தீர்ப்பு வந்தது. மைரன் கோஹன் தலைமையில், 9 நாடுகளில், ஒருவருக்கு மட்டும் நோயுள்ள 1,763 இணையர்களிடம் நடந்த ஆராய்ச்சி அது. இந்தியாவில் சென்னையும் புனேயும் அதில் பங்குகொண்டன. உடனே மருந்து தொடங்கியவரிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது, காத்திருந்து தொடங்கியவரை நோக்க, 96 விழுக்காடு குறைந்திருந்தது. பிறகு ஐரோப்பாவில் நடந்த ஆய்வு ஒன்று 2016-இல் 888 இணையர்களைப் பற்றியும், அதன் தொடர்ச்சி 2019-இல் ஆண் இணையர் 782 பேர் சோடிகளைப் பற்றியும் வெளிவந்தது. நோயுள்ளவர் மருந்துண்டு கிருமியை அடக்கியிருந்த நிலையில், ஆணுறையின்றியும் துணைவருக்கு அவரிடமிருந்து தொற்றிய நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. முற்றிலும் சூன்யம். மற்றப் பால்வினை நோய்களை மாத்திரை தடுக்காது. அதற்கு ஆணுறை வேண்டும். ஆனால் எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, ‘மருந்து உண்கிறாரா’ என்ற கேள்வியும், ‘துணைவருக்குத் தீங்கு வருமா’ என்ற கேள்வியும் ஒரே கேள்வியாகிவிட்டன.

நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1-ஆம் நாள் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. தொடங்கிய மருத்துவமனைகளுள் தாம்பரத்து அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளருக்கென நிறுவிய பழைய சானட்டோரியமே அது. இரயில் நிலையத்துக்கு இன்றும் அப்பெயரே வழங்குகிறது. 2017 முதல், சோதனையில் நோய் தெரிந்த அனைவருக்கும் காத்திருக்கச் செய்யாமல் மருந்து கொடுப்பது இந்தியாவின் கொள்கையாயிற்று. அதே ஆண்டில் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒருவருக்கு இந்நோய் இருப்பதை அவர் இசைவின்றி வெளியிடுவதையும், இது காரணமாக வேலையோ கல்வியோ மறுப்பதையும் தடை செய்கிறது.

மருத்துவர் வழங்கிய சொல்லும் இக்காலத்தில் மாறிற்று. முன்பு ஆங்கிலத்தில் ‘கீழ்ப்படிதல்’ என்னும் பொருளுள்ள சொல்லை ஆண்டார்கள். பிறகு அதை விட்டு, ‘பற்றி நிற்றல்’ என்னும் பொருளுள்ள சொல்லை மேற்கொண்டார்கள். கென்யாவில் நடந்த ஒரு முயற்சி இந்த மாற்றத்துக்கு நல்ல உதாரணம். நோயாளரின் கைபேசிக்கு வாரம் ஒரு முறை ‘மம்போ?’ என்று ஒரே ஒரு சொல்லை அனுப்பினார்கள். சுவாஹிலி மொழியில் அதற்கு ‘என்ன சேதி, நலமா?’ என்று பொருள். மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கவே இல்லை. 2010-இல் வெளிவந்த முடிவின்படி, செய்தி பெற்றவருள் 62 விழுக்காட்டினரும், பெறாதவருள் 50 விழுக்காட்டினரும் மருந்தைச் சரிவர உண்டிருந்தார்கள்.

இப்பேச்சை நான் ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கு இந்நோய் உண்டு என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அவர் மனைவிக்குத் திருமணத்துக்கு முன்பே தெரியும். மனைவிக்கும் குழந்தைக்கும் நோய் இல்லை. இத்தனை ஆண்டுகளில் மருந்துண்பதில் எது கடினமாக இருந்தது என்று கேட்டேன்.

“விழுங்குவது கடினமில்லை, ஐயா. விடுதியில் ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருந்தபோது, யாரும் பார்க்காத இடம் தேடுவதுதான் கடினமாக இருந்தது. புட்டியின் மேலிருந்த தாளைக் கிழித்துவிட்டு, சத்து மாத்திரைப் புட்டிக்குள் போட்டு வைத்துக்கொள்வேன். ஊருக்குத் திருவிழாவுக்குப் போனால் கொல்லைக் கிணற்றடிக்குப் போய்த்தான் சாப்பிடுவேன். இப்போது இராத்திரி எட்டு மணியானால் என் மகளே தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள்” என்றார்.

எத்தனை வேளை தவறியிருக்கும் என்று கேட்டேன். சற்று யோசித்து, தந்தையார் இறந்த இரவு ஒன்று என்றார். பிறகு மேசையின் மேல் கிடந்த என் இரத்த அழுத்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அன்று தேதி 28. அட்டையில் ஆறு மாத்திரைகள் மீதி இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.